‘வேண்டாம்’ என்றால் அங்கே மறுபடி கேட்க மாட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பத்திரிகையில் பிளஸ் டூ முடித்தவர்களுக்காக வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். விசா, வங்கிக் கடன், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எல்லாம் விளக்கமாக இருந்தது. ஆனால் தங்கும் இடம் பற்றிச் சொல்ல வந்தபோது, அந்த நாட்டுக் குடும்பங்களோடு தங்கும் வசதியும் உண்டு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் நான் எட்டு மாதம் இருந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன், கடிதம் கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் திருநகரில் பிறந்து வளர்ந்தவள். ஹாஸ்டலில்கூட ஒரு நாள் தங்கியதில்லை. 2022 செப்டம்பரில், பதினெட்டு வயதில், கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் படிக்கப் போனேன். டொரண்டோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஊர். தனியாக அறை எடுத்துத் தங்க அப்பா சம்மதிக்கவில்லை, அதனால் ஹோம்ஸ்டே. ஐம்பது வயது தாண்டிய கணவன் மனைவி, ஒரு நாய், மாடியில் எனக்கு ஒரு அறை. அறைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து மாதம் 950 டாலர், அன்றைய மதிப்பில் 57,000 ரூபாய் பக்கம்.

முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். மதுரையில் கிளம்பி முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, நல்ல பசி. அந்த அம்மா என் பெட்டியை மாடியில் வைத்துவிட்டு, சூப் இருக்கிறது, சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பரவாயில்லை என்றேன். நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை அப்படித்தானே சொல்வோம்? அது பதிலே கிடையாது, ஒரு மரியாதை. அவர்கள் ‘அட, ஒரு வாய் சாப்பிடு’ என்பார்கள், நாம் ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ என்போம், மூன்றாவது தடவை கேட்பதற்குள் தட்டு முன்னால் வந்திருக்கும். நான் அந்த இரண்டாவது தடவைக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் ‘சரி, நன்றாகத் தூங்கு’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கீழே போய் விளக்கை அணைத்துவிட்டார்.

அன்றைக்கு முறுக்கைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவர்கள் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். மேஜையில் பாத்திரம் ஒரு சுற்று வரும், வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் என்று யாராவது போடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பேன். யாரும் போடவில்லை. ஒன்பது மணிக்கு, நம் வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிற நேரத்தில், எனக்கு வயிறு கத்தும். ஃபிரிட்ஜைத் திறந்து எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜை எப்படித் திறப்பது?

பத்து நாள் ஆனதும் அந்த அம்மா என் அறைக் குப்பைக் கூடையில் முறுக்குப் பாக்கெட்டும் கோவில்பட்டி கடலைமிட்டாய்ப் பாக்கெட்டும் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, என்னை உட்காரவைத்துக் கேட்டார், என் சமையல் உனக்குப் பிடிக்கவில்லையா என்று. நான் அழுதுவிட்டேன். பசிக்கிறது என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் கேட்டேனே, நீதானே வேண்டாம் என்றாய்? திரும்பத் திரும்பக் கேட்டால் உன் வார்த்தையை நான் நம்பவில்லை என்று ஆகாதா?” என்றார். இதை நான் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை. நமக்கு மறுபடி கேட்பது பாசம். அவருக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. இரண்டு பேரும் மரியாதையாக நடந்ததில் நான் பத்து நாள் அரை வயிற்றோடு இருந்திருக்கிறேன்.

இதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. இதே விஷயம் தலைகீழாக எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது, நான் அதைப் பார்த்தவள். அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் என்ற நிறுவனம் மதுரையில் தமிழ் வகுப்பு நடத்துகிறது. அங்கே படிக்க வருகிறவர்களில் பலர் நம் ஊர்க் குடும்பங்களோடுதான் தங்குவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்படித் தமிழ் படிக்க வந்த ஒரு அக்கா எங்கள் வீட்டு மாடியில் இரண்டு மாதம் இருந்தார். அம்மா இட்லி வைக்க வைக்க, அவர் வேண்டாம் என்பார், அம்மா இன்னும் இரண்டு வைப்பார். வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று எண்ணி அந்த அக்கா கஷ்டப்பட்டு அத்தனையையும் சாப்பிடுவார், தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து அம்மா மறுபடி வைப்பார். ஒரு வாரத்தில் அவருக்கு வயிறு கெட்டுப்போனது. அப்புறம் அப்பத்தாதான், இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து ‘போதும்’ என்று சத்தமாகச் சொல்லணும் என்று கற்றுக்கொடுத்தார்.

அந்த அக்கா எது கொடுத்தாலும் நன்றி சொல்வார், ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட. அப்பத்தாவுக்கு அது பிடிக்காது. “தண்ணி குடுத்ததுக்கெல்லாம் நன்றி சொல்லுதே இந்தப் புள்ள, நான் என்ன கடையா வச்சிருக்கேன்?” என்று அம்மாவிடம் வருத்தப்பட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாம் பெற்ற தாய்க்கு நன்றி சொல்வதில்லை, சொன்னால் அந்நியமாகிவிடும். அதே வழக்கத்தோடு நான் கனடாவில் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பேசாமல் மாடிக்குப் போய்விடுவேன். தட்டைக் கழுவியதே பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கோ, சமைத்துப் போட்ட மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இருந்திருக்கிறது.

கதவு விஷயமும் இப்படித்தான். நம் வீடுகளில் பகலில் ஒருத்தி அறைக் கதவைச் சாத்தினால் ஏதோ கோபம் என்று அர்த்தம், உடனே அம்மா வந்து தட்டுவார். அந்த அமெரிக்க அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் நாங்கள் தட்டாமலே உள்ளே போவோம், பாவம் தனியா இருக்கே என்று பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்து உட்காருவார். ஒரு நாள் அவர் மொட்டை மாடியில் போய் அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் புரியவில்லை. கனடாவில் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டபோது எனக்கு நேர் எதிராகத் தோன்றியது, நான் என்ன தப்பு செய்தேன் என்று நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவர் எங்கள் பெரியம்மா வயது. என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு என்றார். வாய் வரவில்லை. ஆன்ட்டி என்றால் அவருக்கு அது வேற்றுச் சொல்லாக இருந்தது, மேடம் என்றால் சிரித்தார். அதனால் நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் என்றால் சமையலறை வாசலில் போய் நிற்பேன், அவராகத் திரும்பிப் பார்க்கும் வரை. மூன்று வாரம் இப்படி. இந்தப் பெண் நம்மைக் கண்டு பயப்படுகிறாள் என்று அவர் தன் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் உட்கார்ந்து விளக்கினேன், எங்கள் ஊரில் பெரியவர்களைப் பெயர் சொன்னால் அடிக்காத குறையாகத் திட்டுவார்கள், அத்தை, சித்தி, பெரியம்மா என்று ஒரு முறை இல்லாமல் யாரையும் கூப்பிட மாட்டோம் என்று. விளக்கிய பிறகு, ஆச்சரியம், பெயர் சொல்வது கொஞ்சம் சுலபமாகிவிட்டது.

குளியலறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பெரிய செலவில் போய் முடியும். அங்கே ஷவர் இருக்கும் தொட்டிக்குள் மட்டும்தான் தண்ணீர் விழலாம். வெளியே தரையில் தண்ணீர் போக வழி கிடையாது, தரைக்குக் கீழே மரம், அதற்குக் கீழே அடுத்த தளத்தின் கூரை. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வாளியும் மக்கும் வாங்கி வைத்துக்கொண்டு, நம் வீட்டில் குளிப்பதுபோல் வெளியே நின்று தலைக்கு ஊற்றிக் குளித்தேன், பிறகு துணி போட்டுத் துடைத்தேன். மூன்றாம் நாள் கீழே சமையலறைக் கூரையில் பழுப்பாக ஒரு கறை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. இரண்டு நாள் மறைத்தேன். பணம் கேட்பார்களோ, வெளியே போகச் சொல்வார்களோ என்ற பயம். அந்த ஐயா கூரையைப் பிரித்துப் பார்க்க ஆளைக் கூப்பிடப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தேன். அவர் கோபப்பட்டது தண்ணீருக்காக இல்லை. இரண்டு நாள் தெரிந்தே சும்மா இருந்தாயே, அதற்குள் மரம் இன்னும் ஊறியிருக்குமே என்றுதான் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயம்.

சமையல் பற்றியும் கேட்காமல் எதுவும் நடக்காது. கடுகு, வரமிளகாய் தாளித்தால் புகை அலாரம் வீடே அதிர அலறும். முதல் தடவை அலறியபோது நாய் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது, எனக்கும் அழுகை வந்தது. பிறகு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சமையலறை எனக்கு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட வேண்டும், வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி என்றாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அந்த ஐயாவுக்குப் பெருங்காய வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. ஆனால் டப்பாவை இரண்டு கவரில் கட்டிக் கராஜில் வைத்துக்கொள் என்று வழியும் அவரே சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தயிருக்கும் ஒரு வழி கிடைத்தது. இருபது டிகிரி வீட்டில் பால் உறையாது, உறை ஊற்றிய பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிட்டால் காலையில் நல்ல கெட்டித் தயிர் இருக்கும்.

மாட்டிறைச்சி நான் சாப்பிடுவதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் உணவு என்ற இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்று போடச் சொன்னது மதுரையில் எங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கன்சல்டன்சிக்காரர்தான், அப்போதுதான் வீடு சீக்கிரம் கிடைக்குமாம். அந்த ஒரு பொய்யால் அவர்கள் ஆசையாகச் செய்துவைத்ததை நான் மூன்று வாரம் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளினேன். ஆகவே போகப்போகிற தம்பி தங்கைகளே, அந்த இடத்தில் உண்மையை எழுதுங்கள். வீடு பத்து நாள் தாமதமாகக் கிடைத்தால் கிடைக்கட்டும்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். நான் போன புதிதில் அம்மா தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோ காலில் வருவார், பூஜையெல்லாம் முடித்துவிட்டு. அப்போது எனக்கு ராத்திரி ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள், அதன் பிறகு எட்டரை. அந்த ஐயா விடிகாலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர், ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். எங்கள் வீட்டில் போன் என்றால் அப்பா, அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் சேர்ந்து சத்தமாகத்தான் பேசுவோம். மரச் சுவர், எல்லாம் கேட்கும். கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று அவர்கள் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன், “காசு குடுத்துத்தானே இருக்க, உன் ரூம்லதானே பேசுற” என்றார். இரண்டாவது வாரத்திலேயே அப்பா கன்சல்டன்சிக்குப் போன் போட்டு வேறு வீடு பாருங்கள் என்று சண்டை போட்டிருக்கிறார். எனக்கு அங்கே ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன முன்னேற்றம் இருக்கும், ராத்திரி அந்தப் பத்து நிமிடப் பேச்சில் அது கரைந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள், அங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு என்று மாற்றிக்கொண்டோம். நம் ஊரில் அது விடிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அம்மா அதற்காக எழுந்திருப்பார். அந்தத் தியாகம் எனக்குத் தெரியும், அம்மா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

எல்லா வீடும் நல்ல வீடு என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு படித்த ஒரு பெண், திண்டுக்கல் பக்கம், அவள் இருந்த வீட்டில் மூன்று வேளைக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் உறையவைத்த பீட்சா. சமையலறையைப் பூட்டிவிடுவார்கள். ஹீட்டரைக் கூட்டச் சொன்னால் இன்னொரு ஸ்வெட்டர் போடு என்பார்கள். அவள் மூன்று மாதம் பொறுத்துக்கொண்டாள், காரணம், வீட்டை விட்டு வெளியேறினால் விசா போய்விடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இது சுத்தப் பொய். கனடாவின் மாணவர் அனுமதி நீங்கள் எந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இல்லை. படிப்பைத் தொடர்கிறீர்களா என்பதுதான் முக்கியம். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று இருக்கும், அதைக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். தைரியமாகக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம். இதற்கும் வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

நம் மதுரையில் பை-பாஸ் ரோட்டிலும் கே.கே. நகரிலும் எத்தனை கன்சல்டன்சி பலகைகள்! கனடாவுக்குப் போக வேண்டும் என்றால் கல்லூரிக் கட்டணம் போக முதல் வருடச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நான் போனபோது அது 10,000 டாலர். 2024 ஜனவரியில் 20,635 ஆனது, 2025 செப்டம்பரிலிருந்து 22,895. நகையை வைத்து, இடத்தை வைத்து அந்தப் பணத்தைப் புரட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவ்வளவு பணம் புரட்டுகிறவர்களிடம் ஒரு அரை நாள் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டில் எப்படி இருப்பது என்று பேச ஆள் இல்லை. கன்சல்டன்சிக்காரர்களே, வீட்டு ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள், அம்மா அப்பா இருவரையும் வைத்துக்கொண்டு. எத்தனை வேளைச் சாப்பாடு, துணி எந்தக் கிழமை துவைக்கலாம், குளிக்க எவ்வளவு நேரம், தோழிகள் வரலாமா, வெளியேற எத்தனை நாள் நோட்டீஸ். அந்த வீடுகளில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசவையுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருப்பவர்கள் நிறையப் பேர், காசு கேட்க மாட்டோம். நம் கல்லூரிகளும் பள்ளிகளும்கூட இதைச் செய்யலாம். பத்திரிகை முன்கை எடுத்தால் நன்றாக இருக்கும் என்பது என் வேண்டுகோள்.

படிப்பை முடித்து நான் மே மாதம் ஊருக்கு வந்தேன். எங்கள் அடுத்த தெருத் தம்பி ஒருவன் செப்டம்பரில் கிளம்புகிறான், அவனுக்கும் ஹோம்ஸ்டேதான். அவன் அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் அவரிடம் சொல்லி, ஒரு வாரத்துக்கு அவனை எங்கள் வீட்டு மாடியில் தங்கவைத்திருக்கிறேன், அந்த அமெரிக்க அக்கா இருந்த அதே அறை. யாரும் எதையும் இரண்டாவது தடவை கேட்கக் கூடாது, வேண்டும் என்றால் அவன்தான் கேட்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. முதல் நாள் ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டான். எங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். மறுநாள் மத்தியானம் அவன் அம்மா ஒரு தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் கொடுத்தனுப்பிவிட்டார், “பிள்ளை வாயத் தொறந்து கேக்க மாட்டான்” என்று சொல்லி. மூன்றாம் நாள் காலை கீழே இறங்கி வந்தான், கொஞ்ச நேரம் வாசலில் நின்றான், அப்புறம் “அக்கா, காபி இருக்கா?” என்றான். நேற்று கேட்கவில்லை, இன்றைக்கு மறுபடி கேட்டான். அவன் கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.